ஊர்ப் புத்தகத்தில் ஆண்களுக்கு இரண்டு வீடு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பல இடங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா இரண்டாம் வகுப்பு, நான் ஒஸ்லோவில் வரலாற்றில் முதுகலை. ஒரு நோர்வேப் பள்ளத்தாக்கின் குத்தகை விவசாயிகள் எப்படி உருளைக்கிழங்குக்கு மாறினார்கள் என்பது என் ஆய்வு. அதை முழுதாக வாசித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் அதற்குச் சம்பளம் கிடைத்தது.

ஒரு கலியாண வீட்டில் யாரோ அப்பாவிடம் கேட்டார்: "மகன் மாஸ்டர் முடிச்சவர் எண்டு கேள்விப்பட்டன். டொக்டரா?"

"இல்ல. இவர் செத்த ஆக்களைப் பாக்கிறவர்," என்றார் அப்பா. "செத்துக் கனகாலமான ஆக்களை."

படிப்பு முடிந்ததும் நகரின் கிழக்குப் பக்கத்து நூலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே நிலவறையில் ஒரு சுவர் முழுக்கத் தடித்த புத்தகங்கள் இருந்தன. நோர்வேயில் ஒவ்வொரு நாட்டுப்புறத்துக்கும் அப்படி ஓர் ஊர்ப் புத்தகம் உண்டு. பண்ணைக்கு ஓர் இலக்கம், அந்தப் பண்ணையில் நூற்றாண்டுக் கணக்காக யார் யார் இருந்தார்கள், தகப்பனுக்குப் பிறகு எந்த மகன், அந்த மகனுக்குப் பிறகு எந்த மகன், எந்தக் குளிர்காலத்தில் எத்தனை மாடு செத்தது என்று எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டித் துண்டைக் கடித்தபடி அவற்றை வாசிப்பேன். ஒரு பாறைச் சரிவுக்கும் பதினொரு பண்ணைக்கும் இரண்டு பாகம் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் பாறையே இல்லை. அப்படியென்றால் எங்களுக்கு எத்தனை பாகம் வரவேண்டும் என்று ஒரு நாள் யோசித்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. ஒரு கோயில், ஒரு குளம், வயல், சந்தியில் ஒரு கடை. ஒரு புத்தகத்துக்கு அது போதும். அந்த ஊர்க் குடும்பங்கள் இப்போது ஒஸ்லோவின் புருசெத்திலும் மோர்டென்ஸ்ருட்டிலும், கொஞ்சம் பக்கத்து நகரமான திராமனிலுமாக இருக்கின்றன. எல்லாருக்கும் சேர்த்து ஒரு சங்கம் இருக்கிறது. சங்கம் என்றால் பிளவு இருக்கவேண்டும், அதுவும் இருக்கிறது.

சங்கத் தலைவர் பேருந்து ஓட்டுகிறவர். உறவில்லை என்றாலும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். நான் யோசனையைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, ஊரூரா எல்லாரும் மலர் போடுறாங்க. நம்ம ஊருக்கு ஒரு புத்தகம் இருக்கா? இல்ல. ஏன்? எழுதப் படிச்சவன் இல்ல. இப்ப நீ இருக்காய்!"

அன்றைக்கு அவர் வீட்டு சோபாவில் நான் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் முதுகு கூசுகிறது. வருடாந்த ஒன்றுகூடலில் நூல் வெளியீடு என்று அந்த இடத்திலேயே முடிவானது.

நோர்வே முறைப்படி ஒரு படிவம் தயாரித்தேன். வீட்டு இலக்கம், வீட்டுத் தலைவர், தலைவரின் தகப்பன், தலைவரின் மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாகக் கட்டங்கள். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. அதைச் சங்கத்தின் வைபர் குழுவில் போட்டேன், ஊருக்கும் அனுப்பினேன்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். ஒரு நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மனே, எங்கட வளவை ஒழுங்கா எழுது. நான் சொல்றன், நீ எழுது."

நான் சிரித்தேன். பல்கலைக்கழகத்தில் கற்றுத் தந்த சிரிப்பு அது. "அம்மா, சொந்த ஆக்களிட்டத் தகவல் எடுத்தா அது பக்கச்சார்பு. ஆய்வு முறைக்குச் சரிவராது."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரிட்டக் கேளு. அவளும் நான் சொல்றதைத்தான் சொல்லுவாள்."

இரண்டாம் முறை கேட்டபோது நேரமில்லை என்றேன். மூன்றாம் முறை, மாமா ஊரிலிருந்து படிவம் நிரப்பி அனுப்பிவிட்டார், அது போதும் என்றேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவின் வளவில், அந்த வீட்டிலும் காணியிலும், இப்போது அவரும் குடும்பமும் இருக்கிறார்கள். அம்மா பிறகு கேட்கவில்லை. என் ஆய்வு முறையை அவர் மதித்துவிட்டார் என்று நினைத்தேன்.

படிவங்கள் வந்து குவிந்தன. நிரப்பியவர்கள் எல்லாரும் ஆண்கள். படிவத்தின் தொடக்கமே அப்படி இருந்தது. நான் கணக்கெடுக்கக் கணக்கெடுக்க ஊர் வளர்ந்தது. கோயில் வீதியில் இடம் முடிந்து, வயலுக்குள் வீடுகள் இறங்கின. கடைசி வரிசை வீடுகளை வரைபடத்தில் வைக்க இடமில்லாமல் குளத்துக்குள் வைத்தேன். எனக்குச் சந்தேகம் வரவில்லை. முன்னுரையில், ஆதி தொட்டே அடர்ந்த குடியிருப்பைக் கொண்ட ஊர் இது என்று எழுதினேன். அந்த வசனத்தை அப்பாவுக்கு இருமுறை வாசித்தும் காட்டினேன். "ஓம், நல்லாத்தான் இரிக்கு. ஆனா நான் இருக்கக்குள்ள இவ்வளவு சனம் இல்லையே," என்றார். ஞாபகப் பிழை என்று குறித்துக்கொண்டேன்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும், கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வருவான். அதனால் ஒவ்வொருவனும் பிறந்த வீட்டை ஒரு படிவத்திலும் வாழப்போன வீட்டை இன்னொரு படிவத்திலும் எழுதியிருந்தான். ஒரே வீட்டை அங்கே பிறந்தவனும் எழுதினான், அவன் தங்கையைக் கட்டி வந்தவனும் எழுதினான். நோர்வேக்காரன் ஒருவன் இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் அப்படியொரு வீட்டில் பிறந்து ஏழு வயதுவரை வளர்ந்தவன். எல்லாம் தெரிந்திருந்தும், நிலவறைப் புத்தகத்தில் தகப்பனுக்குப் பிறகு மகன் என்று இருந்ததால் எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று எழுதினேன்.

அச்சுக்கு அனுப்பிய பிறகு, ஒரு ஞாயிறு பிற்பகல், புருசெத்தில் பெரியப்பாவின் வீட்டில் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ஆண்கள் சோபாவில். பெண்கள் சமையலறையில் கதவைத் திறந்துவைத்து ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேடைக் குரலில் வாசித்தேன். பதினான்காம் வீட்டில் பெரியப்பாவின் மனைவி கண்ணகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. எட்டாம் வீடு ஆருட எண்டு வாசிச்சீங்க?"

"பெரியப்பாட, பெரியம்மா."

"பதினாலாம் வீடு?"

"அதுவும்... பெரியப்பாட."

"அப்ப எனக்கு?"

தாளைப் பார்த்தேன். பெரியம்மா பதினான்காம் வீட்டில் நான்காவது கட்டத்தில் இருந்தார்.

"ஒரு றங்குப்பெட்டியும் ஒரு சைக்கிளுமா என்ட வீட்டுக்கு வந்த மனிசனுக்கு ரெண்டு வீடு. எனக்கு ஒண்டுமில்ல. நல்ல புத்தகம்!"

சமையலறை வெடித்துச் சிரித்தது. பெரியப்பா, "நீ போய் ரோல்ஸைப் பாரு, கருகுது," என்றார்.

"கருகட்டும். அதையும் உங்கட பேர்ல எழுதச் சொல்லுங்க."

பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். தன் வீடு யார் பெயரில் என்று கேட்பார்கள், நான் பக்கத்தைப் புரட்டிச் சொல்வேன், உள்ளே ஒரு சிரிப்பு எழும். கடைசியாக அம்மா வந்தார். கையில் மா ஒட்டியிருந்தது.

"எங்கட வளவு?"

இருபத்திரண்டாம் வீடு. "மாமாட பேர்ல, அம்மா."

அம்மா உள்ளே போனார். அந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போக, மோர்டென்ஸ்ருட் சுரங்க ரயிலுக்கு மாறி ஏறினோம். இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா கதைத்தார்.

"அந்த வீட்ட என்ட கலியாணத்துக்கு எனக்குத் தந்தது. உங்கப்பா அதில மூணு வருசம் இருந்திட்டு இஞ்சால வெளிக்கிட்டவர். சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகக்குள்ள பின்சுவர் இல்ல. நானும் பக்கத்து வளவுப் பொம்பிளையளும் மண் குழைச்சு எழுப்பினது. இஞ்ச வரக்குள்ள தம்பிட்ட வீட்டுத் திறப்பைக் குடுத்தனான், காவலுக்கு."

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டாய். ஊர்ல இப்பவே அது அவன்ட வீடெண்டுதான் சொல்றாங்க. புத்தகத்திலயும் வந்தா முடிஞ்சுது. அவனே கையால எழுதிக் குடுத்திட்டான்." கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். "எனக்கு அந்த வீடு வேணாம் மனே. நான் போய் இருக்கப் போறதில்ல. ஆனா அது என்ட வீடெண்டு இருக்கவேணும்."

வீட்டில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்ப நான் ஆரு? வாடகைக்கு இருந்தவனா?" என்றார்.

"வாடகை தந்தீங்களா?" என்று அம்மா கேட்டார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா ஞாயிறு காலைகளில் மாமாவோடு ஒரு மணிநேரம் கதைப்பார். அடுத்த ஞாயிறு கைபேசி மேசையில் கிடந்து அழைத்தது. அம்மா அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தார்.

நான் சென்னைக்கு ஃபோன் எடுத்தேன். புத்தகம் அங்கேதான் அச்சாக இருந்தது. பக்கம் அமைக்கிறவர் நல்ல மனிதர், என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார். அவர் என்னை அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சார், ஃபைனல் ப்ரூஃப் ஓகேன்னு நீங்கதானே சார் மெயில் போட்டீங்க? மூணு ஆச்சரியக்குறி வேற போட்டிருந்தீங்க."

"ஓம், போட்டனான். இப்ப மாத்தவேணும்."

"ஒரு பக்கம்னா இப்பவே மாத்திடலாம் சார், பிரச்சனையே இல்ல. மொத்தமா மாத்தணும்னா திரும்ப முதல்லேர்ந்து பண்ணணும். நீங்க சொன்ன தேதிக்கு வராது. மொத்தம் எத்தனை வீடு சார் உங்க ஊர்ல?"

"அதுதான் இப்ப எனக்குத் தெரியாது."

"நீங்கதானே சார் ஆசிரியர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மாவிடம் நிலைமையைச் சொன்னேன். ஒரு பக்கம் என்றால் முடியும், எல்லாம் என்றால் ஒன்றுகூடலுக்குப் புத்தகம் இல்லை.

"அப்ப என்டதை மாத்து," என்றார் அம்மா.

"மத்த ஆக்கள்ர?"

"மத்தவளுகளுக்கும் புள்ளையள் இருக்குதானே. அவளுகள் தங்கட புள்ளையளிட்டச் சொல்லட்டும்."

நான் நீதியைப் பற்றி ஒரு சிறிய சொற்பொழிவு செய்தேன். எல்லாப் பெண்களுக்கும் நடந்த பிழையை ஒருவருக்கு மட்டும் திருத்துவது எப்படி அறமாகும் என்று கேட்டேன். அம்மா, "நோர்வேக்காரன் மாதிரிக் கதைக்காத," என்றார். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லவேண்டும். நீதி மட்டும் காரணமல்ல. ஊர் முழுக்க ஆண்களின் வீடாக இருக்க, ஆசிரியரின் தாயின் வீடு மட்டும் பெண்ணின் வீடாக இருந்தால் புருசெத் முதல் திராமன் வரை என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் பாதிக்கு மேல்.

எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழ் அடித்தாயிற்று என்றார். "புத்தகம் இல்லாத புத்தக வெளியீடா தம்பி? நான் மேடையில எதை வெளியிட? உன்னையா?"

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: "ரெண்டு வீட்டுக்காரர் அவசரப்படுறார்."

அடுத்த மூன்று கிழமையும், மாலையில் அம்மா சொல்ல நான் எழுதினேன். என் இலக்கங்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைக் கோயில் என்று வைத்துக்கொண்டு, விளிம்போடு விரலை நகர்த்தினார். விரல் நின்ற இடம் ஒரு வளவு. வளவு என்றால் ஒரு பெண், அவளின் தாய், அவளின் மகள். எவள் வீட்டுக் கிணறு சித்திரையிலும் வற்றாது, எவள் புருசனோடு கோபித்து அவனை வெளி விறாந்தையில் ஒரு மாரி முழுக்கப் படுக்கவைத்தாள், எவள் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் ஒரே வளவை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தான் சமைக்கும் குசினியிலேயே இருந்தாள் என்று எல்லாம் வந்தது. சந்தேகம் வந்தால் அந்தப் பெண்ணுக்கே எடுத்துக் கேட்பார். ஐந்து வருடம் படித்துப் பெற்ற ஆய்வு முறையோடு நான் பக்கத்தில் இருந்து பென்சில் சீவினேன். வீடுகள் குளத்திலிருந்து வெளியேறின. வயல் மறுபடியும் வயலானது. ஊர் பாதியாகச் சுருங்கியது.

எங்கள் வளவு இருக்கும் இடத்துக்கு விரல் வரும்போதெல்லாம் அம்மா அதைத் தாண்டிவிடுவார். "அது கடைசியா இருக்கட்டும்."

ஒன்றுகூடல் புத்தகம் இல்லாமலே நடந்தது. தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணம் என்று பெரியப்பா ஒலிவாங்கியில் சொன்னார். சொல்லும்போது என்னைக் காட்டினார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வேலையில் இருக்கும்போது மாமா எனக்கு எடுத்தார். அலுமாரிகளுக்கு நடுவே போய் நின்று கதைத்தேன்.

"மருமகன், அக்காக்கு ஏதும் சுகமில்லையா? ஒரு மாசமா ஃபோன் எடுக்கிறா இல்ல. நீங்க ஏதும் மறைக்கிறீங்களா எண்டு இஞ்ச எல்லாரும் பயந்துபோய் இருக்கம்."

வரலாற்றாசிரியனுக்குரிய கடுமையை வரவழைத்துக்கொண்டேன். "மாமா, படிவத்தில வீட்டை உங்கட பேர்ல எழுதியிருக்கீங்க. அது அம்மாட வீடு."

"அதை ஆரு இல்லையெண்டது?"

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"நீதானே கேட்டாய்! நான் முதல்ல அக்காட பேரத்தான் எழுதினன். மறுகா பாத்தா, அடுத்த கட்டத்தில தலைவரின் மனைவி எண்டு கிடக்கு. அக்காக்கு எங்கால மனைவி? படிச்ச புள்ள அனுப்பினது, நான்தான் பிழையா விளங்கிட்டன் போல எண்டு வெட்டிப்போட்டு என்ட பேர எழுதினன். வெட்டின அடையாளம் கிடக்கும், பார்."

பார்த்தேன். ஊரிலிருந்து படம் பிடித்து அனுப்பிய படிவம் என் கைபேசியிலேயே இருந்தது. ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே, நன்றாகவே வாசிக்கக்கூடிய விதமாக, என் அம்மாவின் பெயர். பழைய தேவாலயப் பதிவேடுகளில் வெட்டப்பட்ட எழுத்துகளை வாசிப்பதற்கென்றே நான் அரை வருடம் ஒரு பாடம் எடுத்திருக்கிறேன். அதில் எனக்கு மிக நல்ல புள்ளி.

அன்று அம்மா வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முன்னமே கைபேசியை நீட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"வெட்டினது ஆரு?"

"மாமா. ஆனா வெட்ட வெச்சது நான். என்ட படிவத்தில உங்கட பேர எழுத இடமில்ல."

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அம்மா சப்பாத்தோடே உள்ளே போய்த் தம்பிக்கு எடுத்தார்.

"ஃபோன் எடுக்காததுக்கு நீ ஏன்டா என்னை ஏசல்ல?" என்பதுதான் முதல் வார்த்தை.

"நீ எடுக்காட்டி எப்பிடி ஏசுற?" என்று மாமா அங்கிருந்து கத்தியது எனக்கே கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒரு மணிநேரத்துக்கு மேல் கதைத்தார்கள். மாமாவின் மூத்த மகளின் பரீட்சை, கூரை ஓடு, யாரோ ஒருவரின் ஆடு வேலி பாய்ந்தது. இடையில் ஒரே ஒரு முறை என் பேச்சு வந்தது. "என்ன செய்யிற. படிக்க விட்டா இப்பிடித்தான்," என்றார் அம்மா.

சனிக்கிழமை கடைசிப் பக்கத்தை எழுதினோம். எழுதியதை வாசித்துக் காட்டினேன். அம்மாவின் பெயர். அந்த வளவு அவருக்குக் கலியாணத்தில் எப்படி வந்தது. பின்சுவரை எழுப்பிய பெண்கள் யார் யார். வந்த மாப்பிள்ளை என்று அப்பா. இப்போது காவல் தம்பி. காவல் என்ற சொல்லை எடுத்துவிட்டு, இருக்கிறது தம்பி குடும்பம் என்று எழுதச் சொன்னார். "அவனும் மனிசன்தானே. அப்பிடி எழுதினா நாய் மாதிரி இருக்கும்."

மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் முறை நான் தொடங்குவதற்கு முன்பே முதல் வரியைத் தானே சொன்னார்.

ஒவ்வொரு வளவுக்கும் கடைசியில் ஒரு வரி உண்டு, அடுத்தது யாருக்கு என்று. மற்ற எல்லா வளவிலும் மகளின் பெயர் இருந்தது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, நான் ஆண். மாமாவுக்கு மூன்று பெண்கள்.

"உங்களுக்குப் பிறகு ஆரு எண்டு எழுத?"

"அதை உனக்குச் சொல்ல மாட்டன்."

"ஏன்?"

"சொன்னா எழுதிப்போடுவாய்."

"எழுதத்தானே அம்மா கேக்கிறன். எனக்குக்கூடச் சொல்ல மாட்டீங்களா?"

"உனக்குச் சொல்றதும் மைக்கில சொல்றதும் ஒண்டுதான்."

"அப்ப இதை வெறுமையா விடவா? விட்டா, மறந்துபோனம் எண்டு நினைப்பாங்க."

அம்மா மேசையில் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த வெற்று வரியை ஒரு விரலால் தடவினார். முகத்தில் நான் அதுவரை கவனிக்காத ஒரு திருப்தி இருந்தது.

"விடு மனே. ஆருக்கெண்டு தெரியாமக் கொஞ்சப் பேர் அதைப் பாத்துக்கொண்டே எனக்கு ஃபோன் எடுக்கட்டும்."